ஆபீஸ் பேப்பர் ஈரமாகிப் போகிறது, வாங்குகிறவரும் வேண்டாம் என்கிறார், என்ன செய்யலாம்?

மலைமுகில்:
இலங்கை மலைநாட்டில் ஹட்டன் டவுனில் 12 பேர் வேலை செய்கிற சின்ன ஆபீஸ் எங்களுடையது. மாதம் 6 ரீம் ஏ4 வாங்குகிறோம், ரீமுக்கு 500 தாள். முன்பு கழிவுப் பேப்பரைப் பின்பக்கம் போட்டுக் கொளுத்துவோம். பனிமூட்டமான நாளில் புகை மேலே போகாமல் பக்கத்து வீட்டுக்குள் புகுந்துவிடும், அங்கே இழுப்பு உள்ள ஒரு குழந்தை இருக்கிறது, அதனால் நிறுத்திவிட்டோம். அப்புறம் உரப்பையில் அடைத்து மாடிப்படிக்குக் கீழே சேர்த்தோம். நாலு மாதம் கழித்துப் பழைய பேப்பர் வாங்குகிறவர் வந்து பைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார், எல்லாம் ஈரம், கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம். "இது சரிவராது" என்று வைத்துவிட்டுப் போனார். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. எங்கே பிழை விட்டோம்?

அச்சுக்கூடத்து அண்ணன், பண்டாரவளை:
தம்பி, பிழை வைத்த இடத்தில்தான். பேப்பர் நனையவே வேண்டாம், காற்றில் இருக்கிற ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். சீமெந்துத் தரையில் வைத்தால் அடியிலிருந்தே ஊறும். பூஞ்சணம் நாரைத் தின்றுவிடும், பிறகு அதில் உறுதியான பேப்பர் செய்ய முடியாது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை அடித்து, கசக்காமல் தட்டையாக மட்டைப்பெட்டியில் அடுக்குங்கள், நாலு மாதம் காத்திருக்காமல் மாதாமாதம் கொடுத்துவிடுங்கள். கடை பில், கார்பன் பேப்பர், ஸ்டிக்கர், சோற்றுப் பார்சல் கட்டியது எதுவும் சேரக்கூடாது. கடை பில்லை நகத்தால் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழுந்தால் அது மருந்து பூசிய தாள், தனியே எடுத்துவிடுங்கள். ஸ்டேப்ளர் கம்பியை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், ஆலையில் அதைப் பிரித்துவிடுவார்கள். பைல் கிளிப்பையும் பிளாஸ்டிக் உறையையும் மட்டும் கழற்றுங்கள்.

கொழுந்துக்காரி:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் சேர்ப்பதற்கு முன்னால் குறைக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 80 கிராம் நிறையுள்ள தாள் என்றால் ஒரு ரீம் இரண்டரைக் கிலோ, அப்படியானால் உங்கள் 6 ரீமும் மாதம் 15 கிலோ. நான் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு வேலை பார்க்கிறேன். இரண்டு பக்கமும் அடிப்பதைப் பிரிண்டரிலேயே நிரந்தரமாகப் போட்டுவிட்டோம், சம்பளச் சீட்டைப் பாதித் தாளுக்குக் குறைத்தோம். ஆரம்பத்தில் தாள் சிக்கிக்கொண்டே இருந்தது, ஈரத்தில் சுருண்ட தாள்தான் காரணம். இப்போது ரீமை உறையோடு அலுமாரியில் வைத்து, அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுக்கிறோம், சிக்குவதே இல்லை.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து கவனியுங்கள். போன வருடம் பஸ் ஸ்டாண்டில் கடலை வாங்கினேன். தின்று முடித்துச் சுருளை விரித்தால் யாரோ ஒரு அக்காவின் சம்பளச் சீட்டு! பெயர், அடையாள அட்டை இலக்கம், சேமலாப நிதி இலக்கம், பிடித்தம் எல்லாம் எண்ணெய்க் கறையோடு என் கையில் இருக்கிறது. 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்தே விட்டது, சட்டம் இல்லாவிட்டாலும் அது அவருடைய மானம் அல்லவா. அப்படிப்பட்ட தாளை மட்டும் இயந்திரத்தில் நறுக்குங்கள். எல்லாவற்றையும் நறுக்கினால் நார் குட்டையாகி மதிப்புக் குறைந்துவிடும்.

ஓய்வு ஆசிரியர், தலவாக்கலை:
பிள்ளைகளே, ஒருபக்கம் வெறுமையாக உள்ள தாளை முதலில் எடுத்து வையுங்கள், ஆள் விபரம் இல்லாததாகப் பார்த்து. 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். அந்த வருடம் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக நான் இப்படிப்பட்ட தாள்களை நாற்பது நாற்பதாக அடுக்கி, நடுவில் ஊசி நூலால் தைத்துக் கணக்குக் கொப்பி செய்தேன். இப்போதும் இரண்டு பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள்.

மலைமுகில்:
ரொம்ப நன்றி. பலகை அடிக்கச் சொல்லிவிட்டேன், ஒருபக்கத் தாளைச் சேர்த்து ஐயாவுக்கு அனுப்புகிறேன். அந்தப் பூஞ்சணம் பிடித்த மூன்று பையும் இன்னும் கிடக்கிறது, காயவைத்தால் எடுப்பார்களா?

அச்சுக்கூடத்து அண்ணன், பண்டாரவளை:
எடுக்க மாட்டார்கள். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு கிழித்து, மரக்கறிக் கழிவோடு உரக்குழியில் போடுங்கள். பளபளப்பான மட்டையும் கடை பில்லும் அதில் வேண்டாம்.