சி4 மரபணு நகல் கூடுதலாக இருப்பது நன்மைதானா?

இளந்திரையன் எழுதியது:
நோயெதிர்ப்புக்குத் துணைபுரியும் இரத்தப் புரதங்களான நிரப்புப் புரதங்களுள் ஒன்றான சி4-ஐ உருவாக்கும் மரபணு 6-ஆம் குரோமோசோமில் உள்ளது. ஆனால் எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் இல்லை. பலருக்கு 4 நகல்கள் இருக்க, 2 அல்லது 3 மட்டுமே கொண்டவர்களும் 5, 6 கொண்டவர்களும் உண்டு. நகல் குறையக் குறைய, நோயெதிர்ப்பு மண்டலம் தன் உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. சி4 அறவே உருவாகாத மிகச் சிலரில் பெரும்பாலோர் அந்நோய்க்கு ஆளாகிறார்கள். இறந்த உயிரணுக்களின் எச்சங்களை அகற்றச் சி4 துணைபுரிவதால், நகல் குறைவைக் குறைபாடு என்றும் மிகுதியைப் பாதுகாப்பு என்றும் கூறுவதே முறை என்பது என் கருத்து.

கயல்விழி எழுதியது:
ஐயா, தரவை ஏற்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. ஸ்டீவன் மெக்கரோல், பெத் ஸ்டீவன்ஸ் ஆகியோர் பங்கேற்ற குழு 2016-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, மூளையில் சி4-இன் இரு வகைகளுள் (சி4ஏ, சி4பி) ஒன்றான சி4ஏ மிகுதியாக வெளிப்படக் காரணமான மரபணு வடிவங்களைக் கொண்டவர்களுக்கு மனச்சிதைவு நோய்க்கான வாய்ப்பு சற்றே கூடுகிறது. சி4 இல்லாத எலிகளின் மூளையில், வளர்ச்சிப் பருவத்தில் வேண்டாத நரம்பிணைப்புகள் கத்தரிக்கப்படுவது குறைந்ததையும் அவர்கள் கண்டார்கள். லூபஸிலிருந்து காக்கும் அதே மிகுதி, மூளையில் கத்தரியை அளவுக்கு மீறி இயக்கக்கூடும் என்றால், அதை வெறும் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது?

இளந்திரையன் எழுதியது:
'சற்றே' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பொதுவாகக் காணப்படும் வடிவங்களுக்கிடையே மனச்சிதைவு வாய்ப்பின் வேறுபாடு ஏறத்தாழ 1.3 மடங்கு, 2020-இல் வெளிவந்த ஆய்வில் லூபஸுக்கு அது 7 மடங்கு வரை சென்றது. தராசின் இரு தட்டுகளும் சமமல்ல. தவிர, மனிதரில் உள்ள சி4ஏ, சி4பி என்ற பிரிவு எலியில் அப்படியே இல்லாததால், எலியின் மூளையிலிருந்து நம் மூளைக்குத் தாவும்போது நிதானம் வேண்டும்.

மாறன் எழுதியது:
இருவரும் நகல் எண்ணிக்கையைப் பற்றியே பேசுகிறீர்கள். படிப்பவர்கள் தம் இரத்தப் பரிசோதனை அறிக்கையை எடுத்துப் பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். இரத்தத்தில் சி4 அளவு குறைவதற்கு மரபணுவே காரணமாக இருக்க வேண்டியதில்லை. லூபஸ் தீவிரமாக இருக்கும்போது சி4 செலவழிந்து குறைகிறது; நிரப்புப் புரதங்களின் செயலைக் கட்டுப்படுத்தும் சி1 தடுப்பான் என்ற புரதத்தின் குறைவால் வரும் பரம்பரை வீக்க நோயிலும் அது குறையும். அந்த எண்ணைக் கொண்டு யாரும் தம் நகல்களைக் கணக்கிட வேண்டாம்.

கயல்விழி எழுதியது:
மாறன் கூறியது மிகவும் தேவையான எச்சரிக்கை. எலி பற்றிய ஐயாவின் தடையையும் ஏற்கிறேன். ஆயினும் மொத்த நகல் என்ற ஒற்றை எண்ணே போதாது. சி4ஏ, சி4பி இரண்டையும் வேறாக்குபவை நான்கே அமினோ அமிலங்கள். அந்தச் சிறு மாற்றத்தால் முன்னது புரதங்களின் அமினோ தொகுதிகளோடும் பின்னது சர்க்கரைகளின் ஹைட்ராக்சில் தொகுதிகளோடும் எளிதில் பிணைகிறது. சி4ஏ இரண்டும் சி4பி இரண்டும் உள்ளவரையும், சி4ஏ ஒன்றும் சி4பி மூன்றும் உள்ளவரையும் ஒரே '4' என்ற எண்ணில் அடக்கிவிட்டுக் குறைவு, மிகுதி என்று பெயரிடுவதை என்னால் ஏற்க முடியாது.

இளந்திரையன் எழுதியது:
இந்த இடத்தில் என் வாதம் தளர்கிறது. 'பாதுகாப்பு' என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். சி4 அறவே இல்லாத நிலையைக் குறைபாடு என்று சொல்வதில் மட்டும் மாற்றமில்லை.