டொமைன் ஓரிடம், ஹோஸ்டிங் வேறிடம்: நேம்சர்வரை மாற்றணுமா, ஏ ரெக்கார்டு போதுமா?

ஜமக்காளக்கடை:

வணக்கம். பவானி ஜமக்காளம் விற்கிற எங்கள் கடைக்கு வெப்சைட் போடுகிறோம். டொமைன் போன வருஷம் ஒரு கம்பெனியில் வாங்கியது. கடை இமெயிலும் அங்கேதான் ஓடுகிறது, ஆர்டர் எல்லாம் அதில்தான் வரும். ஹோஸ்டிங் இந்த வாரம் வேறு கம்பெனியில் எடுத்தோம். அவர்கள் அனுப்பிய மெயிலில் இரண்டு நேம்சர்வர் பெயர், ஒரு ஐபி நம்பர், சிபேனல் யூசர்நேம் என்று வரிசையாக இருக்கிறது. எதை எங்கே போடுவது என்று தெரியவில்லை.

டொமைன் கம்பெனி பக்கத்தில் ஏ ரெக்கார்டு என்ற இடத்தில் அந்த ஐபியைப் போட்டுப் பார்த்தோம். கடை வைஃபையில் சைட் வருகிறது. மொபைல் டேட்டாவில் திறந்தால் இன்னும் பழைய "விரைவில் வருகிறது" பக்கம்தான். மூன்று நாள் ஆகிவிட்டது. அட்ரஸ் பாரில் "நாட் செக்யூர்" என்றும் காட்டுகிறது. லேப்டாப்பில் சரியாகத் தெரிந்த படங்களில் பாதி இங்கே வரவில்லை. பழைய பேஜ்மேக்கர் ஃபைலில் இருந்து எடுத்த விலைப்பட்டியல் பக்கம் மட்டும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது.

நேம்சர்வரையே மாற்றிவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா? இந்த வார்த்தைகளுக்கெல்லாம் என்ன அர்த்தம் என்றும் கொஞ்சம் சொல்லுங்கள்.

டிஎன்எஸ்_குமரன்:

நேம்சர்வரில் இப்போது கை வைக்காதீர்கள். வைத்தால் கடை இமெயில் நின்றுவிடும். ஏன் என்று சொல்கிறேன்.

உங்களிடம் இருப்பது மூன்று தனித்தனிப் பொருள்கள். டொமைன் என்பது பெயர் மட்டும். வருஷச் சந்தா கட்டி உங்கள் பெயரில் பதிந்து வைத்திருக்கிறீர்கள், அதில் பக்கமும் கிடையாது, படமும் கிடையாது. ஹோஸ்டிங் என்பது பக்கங்கள் உட்கார்ந்திருக்கும் சர்வரில் உங்களுக்கான இடம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மூன்றாவதுதான் டிஎன்எஸ்: "இந்தப் பெயரைக் கேட்டால் இந்த ஐபிக்குப் போ" என்று சொல்லும் பதிவேடு. ஐபி என்பது சர்வரின் முகவரி எண். அந்தப் பதிவேடு எந்தக் கம்பெனியின் கணினியில் இருக்கிறது என்று காட்டுவது நேம்சர்வர். பலர் இந்த மூன்றாவதைக் கவனிப்பதே இல்லை, ஆனால் வருகிற சிக்கலில் பெரும்பாலானவை அங்கேதான்.

பதிவேட்டில் பல வரிகள் இருக்கும். ஏ ரெக்கார்டு சைட்டின் ஐபியைச் சொல்லும். எம்எக்ஸ் ரெக்கார்டு இந்த டொமைனுக்கு வரும் மெயிலை எந்த சர்வரில் கொடுக்க வேண்டும் என்று சொல்லும். இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கு அனுமதி போன்ற குறிப்புகள் டிஎக்ஸ்டி ரெக்கார்டில் இருக்கும். நேம்சர்வரை மாற்றினால் ஒரு வரி மட்டும் மாறாது, பதிவேடே மாறிவிடும். ஹோஸ்டிங் கம்பெனியின் புதுப் பதிவேட்டில் உங்கள் பழைய எம்எக்ஸ் வரிகள் இருக்காது. அவர்களே தானாகப் போட்ட எம்எக்ஸ் இருக்கும். உங்கள் ஆர்டர் மெயில்கள் யாரும் திறக்காத புது மெயில்பாக்ஸில் போய் விழும், அல்லது அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். மெயில் ஓரிடமும் சைட் வேறிடமும் இருப்பவர்களுக்கு ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றுவதே சரி. நீங்கள் செய்தது சரிதான்.

இனி மொபைல் சிக்கல். "48 மணி நேரம் காத்திருங்கள், பரவிக்கொண்டிருக்கிறது" என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மையில் எதுவும் பரவுவதில்லை. ஒவ்வொரு இன்டர்நெட் கம்பெனியும் ஒருமுறை கேட்ட பதிலைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பதை டிடிஎல் என்ற எண் வினாடிக் கணக்கில் சொல்லும்: 3600 என்றால் ஒரு மணி நேரம், 86400 என்றால் ஒரு நாள். அது முடிந்ததும் புதிதாகக் கேட்கும். ஆகவே மூன்று நாள் ஆகியும் மாறவில்லை என்றால் காத்திருப்பதில் பயனில்லை, பதிவேட்டில் வேறு ஏதோ வரி இருக்கிறது.

என் கணிப்பு: குவாட் ஏ ரெக்கார்டு, அதாவது நான்கு ஏ சேர்ந்து எழுதியிருக்கும் வரி. ஏ ரெக்கார்டு 203.0.113.25 மாதிரி பழைய வகை ஐபிவி4 எண்ணுக்கு. குவாட் ஏ, முக்காற்புள்ளிகள் வைத்து நீளமாக இருக்கும் ஐபிவி6 எண்ணுக்கு. டொமைன் கம்பெனிகளில் சில, தங்கள் "விரைவில் வருகிறது" பக்கத்துக்கு இரண்டையுமே போட்டு வைத்திருக்கும். நீங்கள் முதலாவதை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். மொபைல் நெட்வொர்க்குகள் பெரும்பாலும் ஐபிவி6இல் ஓடுவதால் போன் இன்னும் பழைய வரியைப் பார்த்துப் பழைய இடத்துக்கே போகிறது. கடை வைஃபை ஐபிவி4இல் இருக்கும், அதனால் புதிது தெரிகிறது.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஆங்கிலத்தில் என்எஸ்லுக்கப் (nslookup) என்று அடித்து, இடைவெளி விட்டு உங்கள் டொமைன், இன்னொரு இடைவெளி விட்டு 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர்) போட்டு என்டர் தட்டுங்கள். ஹோஸ்டிங் ஐபியோடு நீளமான இன்னொரு எண்ணும் வந்தால் அதுதான் ஆள். ஹோஸ்டிங் கம்பெனி உங்களுக்கு ஐபிவி6 எண் தரவில்லை என்றால் அந்த வரியை அழித்துவிடுங்கள்.

அழிக்கும்போதே இன்னொன்றும் பாருங்கள். பெயர்ப் பத்தியில் @ என்று இருப்பது வெறும் டொமைனுக்கான வரி. மூன்று டபிள்யூ போட்டிருப்பது தனி வரி. இரண்டும் ஒரே இடத்தைக் காட்டட்டும்.

பூட்டுச்சாவி:

குமரன் சொன்ன குவாட் ஏ வரியே "நாட் செக்யூர்" வருவதற்கும் காரணமாக இருக்கலாம்.

எச்டிடிபி என்பது பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை. அதில் கடைசியில் எஸ் சேர்ந்தால் பேச்சு மறைகுறியாக்கப்பட்டுப் போகிறது என்று பொருள். அதற்கு சர்வரில் ஒரு சான்றிதழ் இருக்க வேண்டும், எஸ்எஸ்எல் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். சான்றிதழ் இல்லாத சைட் எல்லாவற்றையும் குரோம் 2018 ஜூலையில் இருந்து "நாட் செக்யூர்" என்றே காட்டுகிறது. இதற்குக் காசு கட்டாதீர்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது, ஆயுள் 90 நாள், ஹோஸ்டிங்கே தானாகப் புதுப்பிக்கும். சிபேனலில், அதாவது ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் தளத்தில், "எஸ்எஸ்எல் ஸ்டேட்டஸ்" பக்கத்தில் சான்றிதழைத் தானாக வாங்கிப் போடும் "ரன் ஆட்டோஎஸ்எஸ்எல்" பட்டனைப் பாருங்கள்.

சான்றிதழ் தருவதற்கு முன்பு, டொமைன் உண்மையிலேயே அந்த சர்வரைத்தான் காட்டுகிறதா என்று வெளியில் இருந்து சோதிப்பார்கள். குவாட் ஏ இருந்தால் லெட்ஸ் என்க்ரிப்ட் அந்த வழியில்தான் முதலில் போகும். அங்கே "விரைவில் வருகிறது" பக்கம் இருக்கும் பழைய சர்வர் பதில் சொல்லும், சோதனை தோற்கும். எனவே முதலில் அந்த வரியை அழியுங்கள், டிடிஎல் நேரம் கழியட்டும், அப்புறம் பட்டனை அழுத்துங்கள். திரும்பத் திரும்ப அழுத்தினால் குறிப்பிட்ட தடவைக்கு மேல் தோற்றதாகக் கணக்காகிக் கொஞ்ச நேரம் தடுத்துவிடுவார்கள்.

சான்றிதழ் வந்த பிறகும் எச்சரிக்கை போகவில்லை என்றால் பக்கத்துக்குள் படங்களின் முகவரி எஸ் இல்லாத எச்டிடிபியில் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். கடைசியாக, சிபேனலில் "டொமைன்ஸ்" பகுதியில் "ஃபோர்ஸ் எச்டிடிபிஎஸ்" சுவிட்சைப் போட்டால் பழைய முகவரியில் வருபவரும் தானாகப் பூட்டிய வழிக்கு வந்துவிடுவார்.

மெயில் வேறு கம்பெனியில் இருப்பதால் சிபேனலில் "இமெயில் ரவுட்டிங்" பக்கத்தையும் திறந்து "ரிமோட் மெயில் எக்ஸ்சேஞ்சர்" என்று மாற்றுங்கள். "லோக்கல்" என்றே இருந்தால், சைட்டில் உள்ள தொடர்புப் படிவத்தை வாடிக்கையாளர் நிரப்பும்போது சர்வர் அந்த மெயிலை வெளியே அனுப்பாமல் தன்னிடமே வைத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆர்டர் தொலைந்ததே உங்களுக்குத் தெரியாது.

எழுத்துருவி:

படமும் எழுத்தும் பற்றி நான் சொல்கிறேன்.

விண்டோஸுக்கு ஃபைல் பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். ஹோஸ்டிங் சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸ், அதற்கு அவை வேறு வேறு. கேமராவில் இருந்து வந்த படத்துக்கு ஜேபிஜி என்ற கடைசிப் பகுதி பெரிய எழுத்தில் இருக்கும், பக்கத்தில் நீங்கள் சின்ன எழுத்தில் எழுதியிருப்பீர்கள். லேப்டாப்பில் தெரியும், சர்வரில் 404 வரும். எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தாக்குங்கள், இடைவெளிக்குப் பதில் சிறுகோடு போடுங்கள். 404 என்றால் அந்தப் பெயரில் ஃபைல் இல்லை. 403 என்றால் போல்டர் இருக்கிறது, ஆனால் முகப்பு ஃபைல் இல்லை அல்லது அனுமதி தப்பு. அனுமதி எண் ஃபைலுக்கு 644, போல்டருக்கு 755 என்பது வழக்கம்.

படத்தின் எடையையும் பாருங்கள். போனில் எடுத்த ஜமக்காளப் படம் 6 எம்பி என்று வைத்தால், 20 படம் உள்ள பக்கம் 120 எம்பி. நாளுக்கு 100 பேர் பார்த்தால் 12 ஜிபி, மாதம் 360 ஜிபி. பேண்ட்விட்த் என்று பிளானில் போட்டிருப்பது இந்தக் கணக்குதான். அதே படத்தை 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து 250 கேபியில் சேமித்தால் மாதம் 15 ஜிபியில் முடியும். நெசவின் கரை வரி அந்த அளவிலும் தெளிவாகவே தெரியும். "அன்லிமிடெட்" என்ற பிளானிலும் ஐநோட் என்று ஃபைல்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும், அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விலைப்பட்டியல் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தது. அதில் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கிலம்தான் தெரியும். எழுத்துருவை சைட்டில் ஏற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், கூகுளில் "ஜமக்காளம்" என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் அப்போதும் கிடைக்காது. பாமினியில் இருந்து, எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. மாற்றி, ஃபைலை யுடிஎஃப்-8 முறையில் சேமித்து, பக்கத்தின் தலைப்பகுதியில், எந்த எழுத்து முறை என்று பிரவுசருக்குச் சொல்லும் மெட்டா கேரக்டர்செட் வரியை முதல் 1024 பைட்டுக்குள் வையுங்கள்.

பின்னால் சைட் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸுக்கு மாறினால் பக்க முகவரியைத் தமிழில் வைக்க ஆசை வரும். வையுங்கள், ஆனால் சுருக்கமாக. ஒவ்வொரு தமிழ்க் குறியும், புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்பட்டு, முகவரியில் 9 எழுத்தாக விரியும். வேர்ட்பிரஸ் 200 எழுத்தோடு வெட்டிவிடும், அதாவது 22 குறி. "பவானி ஜமக்காளம் விலைப்பட்டியல்" என்று வைத்தால் முகவரி "விலைப்பட" என்பதோடு நின்றுவிடும்.

ஜமக்காளக்கடை:

குவாட் ஏ வரி இருந்தது! அழித்து ஒரு மணி நேரத்தில் மொபைலிலும் வந்துவிட்டது. ஆட்டோஎஸ்எஸ்எல் பச்சை காட்டுகிறது. மூவருக்கும் மிக்க நன்றி. படங்களை இனிமேல்தான் மாற்றணும். கடைசியாக ஒன்று: டொமைனை எங்களுக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு டிசைனர். அது எங்கள் பெயரில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

டிஎன்எஸ்_குமரன்:

இதை இன்றைக்கே பாருங்கள். டொமைன் கம்பெனியின் அக்கவுண்டில் உள்ளே போய் "ரெஜிஸ்ட்ரண்ட்" (பதிவு உரிமையாளர்) என்ற இடத்தில் யார் பெயர், எந்த இமெயில் என்று பாருங்கள். அங்கே டிசைனர் பெயர் இருந்தால் சட்டப்படி உரிமை அவருடையதாகவே கருதப்படும், காசு நீங்கள் கட்டியிருந்தாலும். மாற்றித்தரக் கேளுங்கள். மாற்றியதும் உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு மெயில் வரும். 15 நாளுக்குள் அதில் உள்ள லிங்கை அழுத்தாவிட்டால் டொமைனையே நிறுத்தி வைப்பார்கள்.

அந்த இடத்தில் கடை டொமைனிலேயே உள்ள இமெயிலைக் கொடுக்காதீர்கள். சந்தா தவறி டொமைன் நின்றால் அந்த இமெயிலும் சேர்ந்து நிற்கும், புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் உங்களுக்கு வராது. ஜிமெயில் போல வெளி முகவரி ஒன்றைக் கொடுங்கள், ஆட்டோ ரினியூவலைப் போட்டு வையுங்கள்.

டாட் காம் காலாவதியானால் கம்பெனியைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் சலுகைக் காலம் இருக்கும், அதற்குள் சாதாரண விலையில் புதுப்பிக்கலாம். ஆனால் சைட்டும் மெயிலும் அதற்கு முன்பே நின்றுவிடும். கம்பெனி டொமைனை நீக்கிய பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதற்குத் தனியாகப் பெரிய கட்டணம் வாங்குவார்கள். அப்புறம் 5 நாளில் பெயர் யார் வேண்டுமானாலும் வாங்கும்படி வெளியே வந்துவிடும்.

டிசைனரிடம் இருந்து அக்கவுண்டை அப்படியே வாங்க முடியாவிட்டால், வேறிடத்துக்கு மாற்றவிடாமல் தடுக்கும் டொமைன் லாக்கை எடுத்துவிட்டு, மாற்றுவதற்கான ரகசியக் குறியீடான ஆத் கோடு தரச் சொல்லுங்கள். அதை வைத்து உங்கள் சொந்த அக்கவுண்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். உரிமையாளர் பெயரை மாற்றினால் சில கம்பெனிகள் 60 நாள் வேறு கம்பெனிக்கு மாற்ற விடாது. அதனால் எதை முதலில் செய்வது என்று அவர்களிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மாற்றுவதற்கு முன்னால் டிஎன்எஸ் வரிகள் இருக்கிற பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், எம்எக்ஸ் வரிகளின் பிரியாரிட்டி எண்களும் தெரிகிற மாதிரி.