கருவேலங்காட்டு மேடு: பழைய ஊரா, கண்மாய்த் தூர்மண்ணா?

கடலோரன்:
திருப்புல்லாணிக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவில் சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஒரு மேடு இருக்கிறது. இடுப்பளவு உயரம், 2 ஏக்கர் தேறும். மேலெல்லாம் பானை ஓடு. கிழக்கே தூர்ந்த ஊரணி. பெரியவர்கள் நத்தமேடு, அதாவது பழைய ஊர் இருந்த மேடு என்கிறார்கள், சிலர் கண்மாய் தூர்வாரிக் கொட்டிய மண் என்கிறார்கள். தோண்டாமல் தீர்மானிக்க முடியுமா?

ஓட்டாஞ்சில்லு:
முடியும். மேட்டின் ஓரத்தில் சவுடு மண் அள்ளிய வெட்டோ வாய்க்காலோ இருந்தால் அந்த மண்சுவரைப் பாருங்கள். ஊர் இருந்த இடமென்றால் சாம்பல், கரி, மிதிபட்டு இறுகிய தரை, மீன்முள் எல்லாம் அடுக்கடுக்காகத் தெரியும். ஓடுகள் பெரிதும் சிறிதுமாய், விளிம்பு கூராக இருக்கும். தூர்மண்ணில் அடுக்கே இருக்காது. களிமண்ணும் நத்தை ஓடும் கலந்து கிடக்கும், பானை ஓடு தண்ணீரில் உருண்டு முனை மழுங்கியிருக்கும், அடியில்கூட பாலிதீன் வரலாம்.

சங்குத் துண்டு கிடந்தால் குனிந்து பாருங்கள். வெட்டுமுகத்தில் ரம்பம் ஓடிய நேர்க்கோடுகள் இருந்தால் அது வளையல் அறுத்த கழிவு. கடல் ஒதுக்கிய சங்கில் அந்தக் கோடு வராது.

10 மீட்டர் கயிறு போட்டு, உச்சியிலிருந்து சரிவு வரை மீட்டருக்கு மீட்டர் ஓடுகளை எண்ணுங்கள். சரிவடியில் அதிகம் இருப்பதை வைத்து முடிவு கட்டவேண்டாம், மழை மண்ணை அரித்து ஓடுகளை மட்டும் அங்கே சேர்த்துவிடும். உச்சிக் கணக்குதான் பேசும்.

புலப்படம்:
மேட்டின் வடிவமும் முக்கியம். தூர்மண் கண்மாய்க் கரையை ஒட்டி நீளவாக்கில் கிடக்கும். ஊர்மேடு அகலமாகப் பரவி, வீட்டுத் திட்டுகளுக்கு நடுவே தெருப்பள்ளம் ஓடும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. காலை 7 மணிக்குள் போனால் சாய்ந்த வெளிச்சத்தில் அரையடிப் பள்ளமும் நிழல் கட்டும். கார்த்திகை மழை ஓய்ந்ததும் புல்லைக் கவனியுங்கள்: சாம்பல் குழியில் செழிக்கும், இறுகிய தரையில் சோர்ந்து நிற்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் ஊரின் நில விவரம் உள்ள அ-பதிவேட்டைப் பார்த்து, அந்தப் புல எண் நத்தமா, கண்மாயா, வேறு எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கடலோரன்:
வெட்டில் சாம்பல் அடுக்கு இரண்டு தெரிகிறது. இளம்பச்சை மெருகு பூசிய ஒரு சில்லும் கிடக்கிறது.

ஓட்டாஞ்சில்லு:
உடைந்த முகம் சாம்பல் வெள்ளையாய் நெருக்கமாக இருக்கிறதா? ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நம்மூர்ப் பானை ஓடு குடித்துவிடும், சீனப் பீங்கான் குடிக்காது. 1987 அகழாய்வில் பெரியபட்டினத்தில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் கிடைத்திருப்பதால் இங்கே அது வருவதில் வியப்பில்லை. ஆனால் ஊறுகாய் ஜாடிச் சில்லும் தண்ணீர் குடிக்காது. ஒரே சில்லை வைத்துக் காலம் சொல்லக்கூடாது, சாம்பல் அடுக்குக்குள் பதிந்திருக்கிறதா என்பதே கேள்வி.

எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள், ஜிபிஎஸ் புள்ளி குறியுங்கள். புல எண்ணோடு மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் மனு கொடுங்கள். சவுடு அள்ளுகிற வெட்டு என்றால் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள், அடுத்த லாரி அந்த அடுக்கிலிருந்துதான் அள்ளும்.