விபத்து வீடியோவை ஊர்க் குழுவில் போடலாமா?

பட்டாலை:
போன வாரம் திருப்பத்தூர் சாலையில் வேனும் லாரியும் மோதிக்கொண்டன. ஆம்புலன்ஸ் வருவதற்குள் வீடியோ எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. இறந்தவரின் தங்கையும் அதே குழுவில் இருக்கிறார். அண்ணனின் சட்டையைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயமே தெரிந்தது. கீழே வரிசையாக "ஆழ்ந்த இரங்கல்". நடுவில் ஒருவர், "கிளியரா இல்லையே, வேற வீடியோ இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அடுத்தவர் சாவைப் பார்க்க நமக்கு ஏன் இப்படி ஒரு ஆசை?

ரஸ்தாக்காரன்:
இது போன் வந்த பிறகு வந்த வியாதி இல்லை அண்ணே. 1952-ல் ஆளவந்தார் கொலை வழக்கு. போட் மெயில் ரயிலில் வந்த டிரங்குப் பெட்டி நாற்றமடிக்க, மானாமதுரையில் திறந்து பார்த்தால் தலையில்லாத உடம்பு. நம் பக்கத்து ஸ்டேஷன்! மாதக்கணக்கில் ஜனங்களுக்கு அதே பேச்சுதான். அதற்கும் முன்னால் கொலைச் சிந்து. எங்கே கொலை நடந்தாலும் பாட்டுக் கட்டி, சின்னப் புத்தகமாக அச்சடித்து, சந்தையில் பாடி விற்றார்கள். வாங்கியவர்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்களா? நமக்கும் இப்படி நடந்துவிடுமோ என்ற பயம்தான் கண்ணை அங்கே இழுக்கிறது.

தேவகோட்டை மருமகள்:
சிந்து கேட்டவர்கள் முடிந்துபோன கதையைக் கேட்டார்கள். இங்கே உயிர் இன்னும் போகவில்லையே! அந்த வீடியோவை நானும் பார்த்தேன். ஒரு பெரியவர் மட்டும் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி, ரத்தம் வரும் இடத்தில் அழுத்திக்கொண்டிருக்கிறார். "பெரியவரே, கொஞ்சம் தள்ளுங்க, மறைக்குது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இதுதான் உங்கள் பயமா?

ரஸ்தாக்காரன்:
கிட்டே போனால் ஸ்டேஷன், கோர்ட் என்று அலைய வேண்டும் ஆச்சி. அதனால்தான் பலர் ஒதுங்கி நிற்கிறார்கள்.

தேவகோட்டை மருமகள்:
மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் 134ஏ பிரிவைச் சேர்த்தாயிற்று. நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது, பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம், கூட்டம் கூடினால் உதவி வரும் என்பதும் நம்ப முடியாத கணக்கு. 1968-ல் அமெரிக்காவில் டார்லி, லட்டானே என்ற இருவர் சோதித்துப் பார்த்தார்கள். பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்ததாகக் குரல் கேட்கும். தான் மட்டும்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான்.

மானகிரி டீக்கடை:
பேப்பரைப் பிரித்ததும் வெட்டுக்குத்துச் செய்தியைத் தேடாத ஆளை எங்கள் பெஞ்சில் நான் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான். சரி, தொடருங்கள்.

ரஸ்தாக்காரன்:
பார்ப்பதால் நல்லதும் நடந்திருக்கிறது. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்ததை நாடே டிவியில் பார்த்தது. திறந்த குழிகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2010-லேயே வழிமுறை கொடுத்திருந்தது. யார் கேட்டார்கள்? அந்த நேரலைக்குப் பிறகுதான் ஊர் ஊராகக் குழியைத் தேடி மூடினார்கள்.

பட்டாலை:
அதே நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தூத்துக்குடியில் ஒரு வீட்டில் குழந்தை தண்ணீரில் மூழ்கி இறந்தது. அதையும் சொல்லுங்கள்.

ரஸ்தாக்காரன்:
பெற்றவர்கள் நொறுங்கிப்போயிருப்பார்கள். வாதத்தில் ஜெயிக்க அதை எடுத்து இங்கே வைக்கிறீர்கள். குழுவில் வீடியோ போட்டவனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் அண்ணே?

பட்டாலை:
நான் பெயர் சொல்லவில்லை, படம் போடவில்லை.

ரஸ்தாக்காரன்:
ஊரைச் சொல்லிவிட்டீர்களே.

தேவகோட்டை மருமகள்:
அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தம்பி, கேதம் கேட்கப் போகிறவர் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டும், அழுகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும். வீடியோவைத் தள்ளிவிட்டவர்களில் எத்தனை பேர் அந்தத் தங்கை வீட்டுக்குப் போனார்கள்?

ரஸ்தாக்காரன்:
தெரியாது. வீடியோ இன்னும் குழுவில் இருக்கிறதா?

பட்டாலை:
இருக்கிறது. அட்மினைக் கேட்டேன். "எல்லாரும் பார்த்தாச்சு, இனி எடுத்து என்ன செய்ய" என்கிறார்.