பிளஸ் ஒன் வணிகவியல் சேரும் மகளுக்குத் தனியாக டேலி வகுப்பு தேவையா?

ஹார்டுவேர் கடை, விருதுநகர்:

மகள் பத்தாம் வகுப்பு தேறிவிட்டாள். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடுகள் உள்ள பிரிவில் சேரப்போகிறாள். இங்கே ஒரு கணினி மையத்தில் டேலி (கணினியில் கணக்கு எழுதும் மென்பொருள்), எம்.எஸ். ஆபீஸ், டிடிபி மூன்றும் சேர்த்து ஆறு மாதப் படிப்பு, 12,000 ரூபாய் என்கிறார்கள். "வேலை உத்தரவாதம்" என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. இன்னும் பள்ளியே முடிக்காத பிள்ளைக்கு என்ன வேலை உத்தரவாதம் என்று கேட்டேன், சிரித்து மழுப்பிவிட்டார்கள். இதையும் பள்ளிப் பாடத்தையும் சேர்த்துப் படிக்கத் திணறுவாளோ என்று யோசனை. கடைக் கணக்குக்கு ஓர் ஆள் கிடைக்குமே என்ற சுயநலமும் எனக்கு இல்லாமல் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேரேடு, ஈரோடு:

அண்ணா, இப்போதைக்கு அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். அவர்கள் விற்பதில் பாதி பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. பிளஸ் ஒன் கணினிப் பயன்பாடுகளில், எம்.எஸ். ஆபீஸ் போலவே உள்ள ஓப்பன் ஆபீஸ் வருகிறது. பிளஸ் டூவில் அச்சுக்குப் பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் வருகிறது, அதுதான் அவர்கள் சொல்லும் டிடிபி. (அடோபி நிறுவனமே கைவிட்ட மென்பொருளை நம் பிள்ளைகள் இன்னும் தேர்வுக்குப் படிக்கிறார்கள், அது தனிக்கதை.) பிளஸ் டூ கணக்குப்பதிவியலின் கடைசிப் பாடமே டேலிதான்.

நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சான்றிதழோடு வருகிற பிள்ளைகளுக்கு விசைகள் அத்துபடி. எஃப்5 பணம் கொடுத்தது, எஃப்6 வாங்கியது, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல் என்று கடகடவென ஒப்பிப்பார்கள். ஆனால் கடைக்குப் பில் போடுகிற பிரிண்டர் ஒன்று வாங்கிய ரசீதைக் கையில் கொடுத்தால், கொஞ்சமும் யோசிக்காமல் கொள்முதல் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். பிரிண்டர் விற்பதற்கு வாங்கிய சரக்கா? அது கடையின் சொத்து. கொள்முதலில் ஏற்றினால் அந்த ஆண்டு லாபம் குறைந்து காட்டும். பற்றும் வரவும் சமமாகவே இருப்பதால், இரண்டின் மொத்தத்தையும் ஒப்பிடுகிற இருப்பாய்வில் இது பிடிபடாது, டேலியும் ஒரு வார்த்தை சொல்லாது. சொத்து வாங்குகிற முதலினச் செலவு எது, அன்றாட வியாபாரத்துக்கான வருவாயினச் செலவு எது என்று பதினோராம் வகுப்பில் ஒரு பாடமே இருக்கிறது. அதை மனப்பாடம் செய்யாமல் புரிந்து படித்த பிள்ளைக்கு டேலி சில வாரத்து வேலை.

ஜிஎஸ்டியும் அப்படித்தான். கோவையிலிருந்து குழாய் வாங்கினால் 18 சதவீத வரி மத்திய வரி 9, மாநில வரி 9 என்று பிரியும். குஜராத்தின் ஜாம்நகரிலிருந்து பித்தளைச் சாமான் வரவழைத்தால், வெளிமாநிலம் என்பதால் ஒருங்கிணைந்த வரி என்று மொத்தமாக ஒரே வரியாக நிற்கும். விற்றவருடைய ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: 33 தமிழ்நாடு, 24 குஜராத். இதற்கெல்லாம் உங்கள் கடை பில் கட்டை விட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. ஒரு மாதத்துப் பில்களை முதலில் நோட்டில், கையால், கணக்கு வாரியாகப் பிரித்துப் பேரேடாக எழுதட்டும்.

பிறகு டேலி பிரைமைக் கல்விப் பயன்பாட்டு முறையில் கட்டணமில்லாமல் திறந்து அதே பில்களைப் போட்டுப் பார்க்கலாம். அதில் மாதத்தின் குறிப்பிட்ட சில தேதிகளை மட்டும்தான் ஏற்கும். பழகுவதற்கு அது போதும், கடையின் நிஜக் கணக்கை மட்டும் அதில் வைத்துவிடாதீர்கள்.

பி.காம். மாணவன், தஞ்சாவூர்:

அக்கா சொல்வது சரி, ஆனால் பள்ளியில் நடப்பது வேறு. டேலி கடைசிப் பாடம் என்பதால் எங்களுக்கு அது வரும்போது திருப்புதல் தேர்வு தொடங்கிவிட்டது. ஆசிரியர் முக்கிய வினாக்களைக் குறித்துக் கொடுத்தார், திரையில் நாங்கள் பார்க்கவே இல்லை. கணினிப் பயன்பாடுகள் செய்முறைக்கு 20 மதிப்பெண், அதனால் இணையப் பக்கம் எழுதுகிற எச்டிஎம்எல், பிஎச்பி மட்டும் ஆய்வகத்தில் நடந்தது, அதுவும் ஒரு கணினிக்கு மூன்று பேர். நான் பிளஸ் டூ தேர்வு முடிந்த விடுமுறையில்தான் டேலி மட்டும் தனியாகப் படித்தேன். கல்லூரி திறப்பதற்குள் முடிந்துவிட்டது. உங்கள் மகளும் அப்போது போகலாம்.

இன்னொன்று, இந்தப் பிரிவில் கணிதம் கிடையாது. பொறியியல் ஆசை இருந்தால் இப்போதே பேசிவிடுங்கள். பிசிஏ என்ற கணினிப் பட்டப்படிப்புக்கும் சில கல்லூரிகள் கணிதம் கேட்கின்றன.

தட்டச்சுப் பயிலகம், கோவில்பட்டி:

அண்ணாச்சி, நான் பயிலகம் நடத்துகிறவன், என் பக்கம் சாய்ந்துதான் பேசுவேன். பத்தாம் வகுப்பு தேறியவர்கள் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் இளநிலைத் தட்டச்சுத் தேர்வு எழுதலாம். நிமிடத்துக்கு 30 சொல் வேகம் வேண்டும், முதுநிலைக்கு 45. இது அரசுச் சான்றிதழ். குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணிக்கு இந்தச் சான்றிதழைத்தான் கேட்கிறார்கள்: தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் வேண்டும், ஒன்றிலாவது முதுநிலை. அந்த மையத்தின் சான்றிதழை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். காலையில் பள்ளிக்கு முன் ஒரு மணி நேரம் வந்தால் போதும், பாடச்சுமை ஏறாது.

ஹார்டுவேர் கடை, விருதுநகர்:

அனைவருக்கும் நன்றி. மையத்துக்குப் போகவில்லை. மகளிடம் பில் கட்டைக் கொடுத்தேன். 29 என்று தொடங்கும் ஒன்றை எடுத்துவந்து, இது கர்நாடகம்தானே என்கிறாள். பெங்களூரு பெயின்ட் பில். தட்டச்சில் தமிழ் முதலிலா, ஆங்கிலம் முதலிலா?

தட்டச்சுப் பயிலகம், கோவில்பட்டி:

ஆங்கிலம். அந்த விசை வரிசை கணினியிலும் அப்படியே இருக்கும். தமிழில் தட்டச்சுப் பொறிக்கு ஒரு வரிசை, கணினியில் தமிழ்99 வேறு வரிசை. ஆங்கிலத்தில் விரல் பழகியபின் தமிழுக்கு வரட்டும்.