மறு: மறு: பசில் பிளாட்ஃபார்மருக்குத் தமிழ்ச்சொல் வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள

எல்லாருக்கும் வணக்கம். பழைய கையடக்க கேம்கள் பத்தின கட்டுரை ஒண்ணு மொழிபெயர்த்துட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை குடுத்தாகணும். மாட்டிக்கிட்டது ‘மரியோ வெர்சஸ் டாங்கி காங் 2: மார்ச் ஆஃப் தி மினிஸ்’ல, 2006ல நின்டெண்டோ டிஎஸ்க்கு வந்தது. ‘பசில் பிளாட்ஃபார்மர்’ங்கிற சொல் (அங்கங்க இருக்கிற தட்டுங்கள்ல ஏறித் தாவிப் புதிர அவிழ்க்கிற கேம் வகை) 14 எடத்துல வருது. இப்போதைக்கு ‘புதிர்த்தாவல்’னு போட்டிருக்கேன், ஆனா உறுத்துது. முதல் பாகத்துல (2004, கேம்பாய் அட்வான்ஸ்) மரியோவ பட்டன் அழுத்தி நாமளே ஓட்டுவோம், சாவிய தலைக்கு மேல தூக்கிட்டு ஓடி கதவத் தெறக்கணும், தாவல் தப்புனா தப்பு நம்ம விரல்ல. ரெண்டாவதுல குட்டி மரியோ பொம்மைங்கதான். குச்சியால திரையில பக்கவாட்டுல இழுத்தா நடக்கும், மேல இழுத்தா குதிக்கும், தொட்டா நின்னுடும். அதனாலயே சிலருக்கு ரொம்பப் பிடிச்சது, சிலருக்கு ஒட்டவே இல்ல. கட்டுரையோட விஷயமே அதுதான், சொல் தப்பாப் போனா அந்தப் பகுதியே புரியாது. உதவுங்க.

* * *

தம்பி, தளம்னு மட்டும் போயிடாதீங்க, இயங்குதளம் இணையதளம்னு அது ஏற்கனவே சுமை தாங்காம நிக்குது. தினைப்புனத்துல கிளி ஓட்ட உயரமா கட்டுற பரணுக்கு சங்கப் பாட்டுல இதணம்னு பேரு. ஏறி நிக்கிற எடம், கீழ விழுந்தா அடி, பிளாட்ஃபார்முக்கு இத விடப் பொருத்தமா என்ன வேணும்? புதிருக்கும் பழஞ்சொல் இருக்கு, தொல்காப்பியர் செய்யுளியல்ல பிசின்னு சொல்றார். ரெண்டையும் சேத்தா ‘இதணப்பிசி’. நாலு தடவ வாய்விட்டு சொல்லிப் பாருங்க, பழகிடும்.

* * *

ஐயா, கோவிச்சுக்காதீங்க. கேம் பத்தின கட்டுரையில பிசின்னு எழுதுனா எங்க எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க கம்ப்யூட்டர்னுதான் படிப்பாங்க. டிஎஸ்ல வந்த கேம பிசில வந்துச்சுன்னு நெனச்சுக்குவாங்க, அர்த்தமே தலைகீழாயிடும். இதணம் அழகான சொல், ஆனா பக்கத்துக்கு ஒரு அடிக்குறிப்பு வேணும். புதிர்னே இருக்கட்டும். ‘தாவுபுதிர்’னு வினைத்தொகையா வச்சுக்கலாமே, வல்லினமும் மிகாது.

* * *

> ‘தாவுபுதிர்’னு வினைத்தொகையா

அக்கா, ஊறுகாயில காய்தான் ஊறுது. தாவுபுதிர்ல புதிரா தாவுது?

* * *

ஆடுகளத்துல களமா ஆடுது? உண்கலத்துல கலமா உண்ணுது? அந்த ஆட்சேபம் நிக்காது. அந்த விஷயத்துல டீச்சர் சொன்னது சரி. ஆனா தாவு பத்தி ஒண்ணு சொல்லியாகணும், தாவு, தவ்வு, தவளை எல்லாம் ஒரே வேர்னு என் துணிபு. ஊர்ல இன்னும் ‘தவ்விக் குதிச்சான்’னுதான் சொல்றாங்க, அப்போ ‘தவ்வுபுதிர்’னா பிள்ளைங்களுக்கும் புரியும், பழமையும் நிக்கும்.

* * *

வணக்கம் ஐயா, யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். இஞ்ச புதிர் எண்டா முதல்ல ஞாபகம் வாறது தைப்பூசத்துக்குப் புதிர் எடுக்கிறதுதான், புது நெல்லுச் சோறு. விடுகதைக்கு நாங்கள் நொடி எண்டு சொல்லுறனாங்கள். அது கிடக்கட்டும், நான் இந்த ரெண்டாம் பாகத்தை மாசக்கணக்கா விளையாடினனான், அதால சொல்லுறன், தாவு, தவ்வு ரெண்டுமே இதுக்குப் பொருந்தாது. ஒரு பொம்மையை நடக்க விட்டிட்டு மற்றதைப் பார்க்கத் திரும்பினா முதலாவது நேரா முள்ளுக்குள்ள போய் நிக்கும். ரெண்டையும் ஒரே நேரத்தில பார்க்கோணும், முதலே யோசிச்சு வைக்கோணும். இது ஆடு சாய்ச்சுக்கொண்டு போற வேலை. எனக்கு அதுதான் பிடிச்சது. என்ரை தம்பிக்கு அதுதான் பிடிக்கேல்லை, ‘நான் ஓட ஏலாட்டி அது என்ன மரியோ’ எண்டு நாலாம் மாடியோட விட்டிட்டான். நாங்களே மட்டம் (லெவல்) கட்டி இணையத்தில மற்றவைக்கு அனுப்பவும் வசதி இருந்தது, எனக்கு பாதி நேரம் அதிலதான் போனது. 2014 மே மாசம் நின்டெண்டோ அந்த வைஃபை சேவையை நிப்பாட்டின பிறகு அந்த அனுப்புற வேலை முடிஞ்சுது.

* * *

அப்போ ரெண்டு சொல் வச்சுக்கலாம்ல? முதல் பாகம் தாவுபுதிர், ரெண்டாவது ‘பத்துபுதிர்’. மாட்ட பத்திட்டு வான்னு சொல்றோமே அந்தப் பத்து.

* * *

பத்துபுதிர்னு படிச்சா பத்து புதிர் இருக்குன்னுதான் தோணும் தம்பி.

* * *

எண்ணிக்கை குழப்பம் கூட பரவால்ல. ரெண்டு பேர் குடுக்குறதே தப்புங்கிறேன். ‘இது அந்த வகை கேமே இல்ல’ன்னு சொல்ற பழைய ரசிகர் பக்கம் நாம தீர்ப்பு எழுதின மாதிரி ஆயிடும். அவங்க ஏக்கம் எனக்குப் புரியுது. 1994 கேம்பாய் டாங்கி காங்ல இருந்து வந்தவங்க அவங்க, 1981ல காசு போட்டு ஆடுற ஆர்கேட் எந்திரத்துல வந்த மூல டாங்கி காங்கோட நாலு மட்டத்துல ஆரம்பிச்சு மொத்தம் 101 மட்டம், எல்லாமே நம்ம கையால தாவுனது. ஆனா 2004 முதல் பாகத்துலயே ஒவ்வொரு உலகத்தோட கடைசியிலயும் 6 பொம்மைய பின்னால கூட்டிட்டுப் போயி பெட்டியில சேக்குற மட்டம் உண்டு. ரெண்டாவது பாகம் அந்த விதையில மொளச்சதுதான். 2024ல நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கு முதல் பாகத்த புதுசா பண்ணி விட்டாங்க, அதனால இந்தச் சண்டை இன்னும் ஓயல. ரெண்டுலயும் மாறாதது நிக்கிற எடமும் புதிரும்தான். வினைய விட்டுட்டு எடத்த புடிங்க, ‘மேடைப்புதிர்’.

* * *

மேடைப்புதிர்னா பட்டிமன்றம் நினைவுக்கு வருது. இருந்தாலும் ரயில்வே நடைமேடை இருக்கிறதால பிள்ளைங்க புடிச்சுக்குவாங்க. எனக்கு சரி.

* * *

எனக்கும் ஓம். நொடியை நான் வற்புறுத்தேல்லை.

* * *

நான் உடன்படல, பதிவு பண்ணிக்கோங்க. மேடை ஒண்ணே ஒண்ணு, இதணம் புனத்துக்குப் புனம் உண்டு. தாவணும்னா ரெண்டாவது வேணுமில்ல?

* * *

எல்லாருக்கும் நன்றி. மேடைப்புதிர்னு போட்டுட்டேன், முதல் எடத்துல மட்டும் பசில் பிளாட்ஃபார்மர்னும் சொல்லிட்டு. தாவுறது, பத்துறது ரெண்டையும் வினையா உள்ள விரிச்சு எழுதிட்டேன், இப்போ ஏன் சிலருக்கு ஒட்டலன்னு படிச்சாலே தெரியுது. ஐயாவோட மறுப்ப தொகுப்பாசிரியருக்கும் அனுப்பியிருக்கேன். இன்னும் ஒண்ணு பாக்கி, அந்த ஸ்டைலஸ் குச்சிக்கு ‘தொடுகோல்’ சரியா?

* * *

எழுத்தாணி இருக்கும்போது தொடுகோல் எதுக்கு தம்பி?

* * *

எழுத்தாணி கீறும் ஐயா. இது கீறுனா திரை போயிடும்.