கரிசலில் ஈரமானி பொய் சொல்லுதா?

கரிசக்காட்டான்:
வணக்கம். சாத்தூர் பக்கம் 3 ஏக்கர் மாசிப்பட்டப் பருத்தி, சொட்டுநீர்ப் பாசனம். ரெண்டு கம்பி வச்ச ஈரமானி ஒண்ணு வாங்கி 20 செ.மீ. ஆழத்துல நட்டேன். தண்ணி விட்டு நாலாம் நாளே 14 சதவீதம்னு காட்டுது. பக்கத்துல தோண்டி எடுத்த மண்ணு கையில உருண்டையா நிக்குது! மானியை நம்பி மறுபடி தண்ணி விட்டதுல சப்பையும் (பூ மொட்டு) பிஞ்சும் கொட்டிப்போச்சு. போன வருசம் பருத்தி வித்த மில்லுலயும் இதே கூத்துதான். காலையில அந்த மில்லுக்காரங்க ஈர மீட்டர் 13 சதவீதம் காட்டுச்சு, மதியம் அதே பருத்தி மூட்டையில 10. எதைத்தான் நம்புறது?

வடக்குத்தெரு:
அண்ணாச்சி, மானியைக் கழட்டி வீசுங்க. எங்க தாத்தா கைதான் மானி.

பழைய ஜின்காரர்:
தம்பி, வீச வேண்டாம். வேளாண் பொறியியல் படிச்சுட்டு 11 வருசம் ஜின்னிங் மில்லுல (பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கிற ஆலை) பருத்தி உலர்த்துற வேலையிலயும், அப்புறம் மண் ஈரம் அளக்குற வேலையிலயும் இருந்தவன் சொல்றேன். மானி பொய் சொல்லலை. அது அளந்தது மண்ணை இல்ல, காத்தை.

அந்த மாதிரி மானி ஈரத்தை நேரா அளக்காது. மின்புலத்துல ஒரு பொருள் எவ்வளவு மின்சக்தியைத் தேக்கும்னு சொல்ற எண்ணுக்கு மாறிலின்னு பேரு. தண்ணிக்கு அது 80 பக்கம், காஞ்ச மண்ணுக்கு 3லிருந்து 5, காத்துக்கு 1. இந்த வித்தியாசத்தை வச்சுத்தான் கணக்குப் போடுது. கரிசல் காயக் காயச் சுருங்கும். கம்பியை ஒட்டி ஒரு நூல் அளவு இடைவெளி விழுந்தாப் போதும், சுத்தி எவ்வளவு ஈரம் இருந்தாலும் மானி 'வறட்சி'ம்பான். உப்பு மண்ணுன்னா தலைகீழ்: மலிவு மானி கூட்டித்தான் காட்டும்.

கம்பி பக்கத்து மண்ணை மெதுவா விலக்கி ஒரு தீக்குச்சியைச் செருகிப் பாருங்க. தடங்கலில்லாம இறங்குச்சுன்னா நான் சொன்னதுதான். வேற இடத்துல சாய்வா குழி போடுங்க. அதே மண்ணைச் சலிச்சு, இட்லி மாவுப் பதத்துக்குக் கரைச்சு ஊத்தி, அதுல கம்பியை இறக்குங்க. நேர்குத்தா நட்டா வெடிப்பும் தண்ணியும் கம்பியோடவே இறங்கும். ஒரு வாரம் போகட்டும், அப்புறம் அளவைப் பாருங்க.

ஒரு தடவையாவது ஆய்வுக்கூடத்துல மண்ணை 105 டிகிரியில 24 மணி நேரம் காயவச்சு எடை பாருங்க. அது எடைக்கணக்கு, மானி சொல்றது கன அளவுக்கணக்கு. எடைக்கணக்கை மண்ணோட அடர்த்தியால பெருக்காம ரெண்டையும் ஒப்பிட்டுட்டு என்னைத் திட்டாதீங்க.

பருத்தி மீட்டர் வேற ஜாதி. பெரும்பாலும் மின்தடையை அளக்கும். பருத்தியை இறுக்கி அமுக்கினா அளவு ஏறும், தளர்வா இருந்தா இறங்கும். மேல ஒரு இடம், நடுவுல ஒரு இடம், அடியில ஒரு இடம், ஒரே அழுத்தத்துல குத்தச் சொல்லிக் கேளுங்க. கேக்குறதுக்கு உரிமை இருக்கு. பனி காயுமுன்ன எடுத்த பருத்தி காலையில கூடுதலாக் காட்டுறதுல ஆச்சரியமில்ல. இந்தியப் பருத்திக் கழகம் 8 சதவீத ஈரத்தை அடிப்படையா வச்சு 12 வரைக்கும்தான் வாங்கும். அதனால 13க்கும் 10க்கும் நடுவுல இருக்குறது உங்க காசு. ஈரம் மிஞ்சினா பஞ்சு பழுப்பேறும், குப்பை பிரியாது. ரொம்பக் காஞ்சாலும் அரைக்கையில இழை ஒடியும். மில்லுக்காரர் பயத்துலயும் நியாயம் உண்டு.

கரிசக்காட்டான்:
ஐயா, தோண்டிப் பார்த்தேன். குச்சி மருந்து வரைக்கும் உள்ள போகுது! இன்னைக்கே மாத்தி நடுறேன். விளக்கு எரியுற மானி நல்லதா?

பழைய ஜின்காரர்:
கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கினதா? நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்புன்னு எரியும். நீலம்னா ஈரம் தாராளம், சிவப்புன்னா உடனே தண்ணி. எண்ணைப் பார்த்துக் குழம்புறவங்களுக்கு அது தேவலை. ஆனா அதுக்கும் ரெண்டு கம்பிதான் தம்பி, வெடிப்பு இல்லாத இடமாப் பார்த்துக் குத்துங்க.

வடக்குத்தெரு:
தாத்தா கைக்கு வெடிப்பெல்லாம் பிரச்சினையே இல்ல :)